ரயிலடியில் குடையோடு நின்றவன்

அந்தப் படத்தை எனக்குப் பிடிக்காது. இதை வீட்டில் உரக்கச் சொல்ல முடியாது. என் மனைவிக்கு உலகத்திலேயே பிடித்த படம் அது ஒன்றுதான். முப்பத்து நாலு வருடமாக அவள் அதைப் பார்த்து அழுகிறாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து கண் துடைக்கத் துண்டு எடுத்துக் கொடுக்கிறேன்.

பழைய பிரெஞ்சுப் படம், கறுப்பு வெள்ளை. உலகப் போர் நடக்கிறது. சின்ன ஊர் ஒன்றின் ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் ஒரு பெண். நாலு நாள் விடுப்பில் வந்திறங்கும் ஒரு சிப்பாய். மழை, ரயில் தாமதம், இருவரும் பேசிக்கொள்கிறார்கள். நாலாவது நாள் காலையில் நகராட்சியில் கையெழுத்துப் போட்டுக் கல்யாணம். சாயங்காலமே அவன் போர்முனைக்குப் போய்விடுகிறான். பிறகு அவள் காத்திருக்கிறாள். குண்டு விழுகிறது, பனி விழுகிறது, ரொட்டிக்கு வரிசையில் நிற்கிறாள். கடிதமே வருவதில்லை. இரண்டு வருடம் கழித்து ஒரே ஒரு மாலைப்பொழுதுக்கு அவன் வருகிறான், ஆள் பாதியாக இளைத்து. மறுபடி ரயிலேறுகிறான். ரயில் நகரும்போது ஜன்னலுக்கு வெளியே எக்கி அவளைப் பார்த்து என்னவோ கத்துகிறான். அவள் நடைமேடை முடியும்வரை ஓடுகிறாள். படம் அதோடு முடிகிறது. அவன் உயிரோடு திரும்பினானா என்று யாரும் சொல்வதில்லை.

இதில் மூன்றாவதாக ஒருவன் உண்டு. அவன் அந்த ஊரில் மருந்துக்கடை வைத்திருக்கிறான். மூக்குக் கண்ணாடி, எந்நேரமும் கையில் குடை. அந்தப் பெண்ணுக்காக ராணுவ அலுவலகத்துக்கு மனு எழுதுகிறான், காய்ச்சலுக்கு மருந்து கொண்டுவருகிறான், ரயிலடியில் அவள் ஓடும்போது ஓரமாக நிற்கிறான். அவனைப் பார்த்து யாரும் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை. அவன் திரையில் வந்தாலே என் மனைவி உச்சுக்கொட்டுவாள். "இவன் ஒருத்தன், நந்தி மாதிரி" என்பாள். நான் வாயை மூடிக்கொண்டிருப்பேன். ஏனென்றால் எங்கள் கதையில் அந்த மருந்துக்கடைக்காரன் நான்தான்.

எனக்குச் சொந்த ஊர் விழிதியூர். நெல் விளைவிக்கிற குடும்பம், பிரெஞ்சுக் குடியுரிமை எங்களுக்குக் கிடையாது. பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு படித்தேன், அது ஒட்டிக்கொண்டது. காரைக்காலில் கோர்ட்டுக்குப் பின்னால் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். பிரெஞ்சு எழுத்து உள்ள தட்டச்சு எந்திரம் ஒன்று அங்கே கிடந்தது. மாலை நேரத்தில் அதில் மற்றவர்களுக்கு மனுப் போட்டுக் கொடுப்பேன். பிரான்சிலிருந்து வரும் கடிதத்தைப் படித்துச் சொல்வது, விண்ணப்பப் பாரம் நிரப்புவது, தூதரகத்துக்குப் பதில் எழுதுவது எல்லாம் என் வேலை. ஊரில் பாதிப்பேரை விமானம் ஏற்றி அனுப்பியவன் நான். நான் இதுவரை சென்னை விமான நிலையத்தின் வாசலைத் தாண்டியதில்லை.

எங்கள் பக்கம் பிரான்சு மாப்பிள்ளை என்றால் கல்யாணம் இரண்டு தடவை நடக்கும். முதலில் பதிவு. விசாவுக்குப் பதிவுத் தாள் வேண்டும், அந்தத் தாள் அங்கே போய்ச் சேர்ந்து பதில் வர மாதக்கணக்காகும். அதனால் பதிவை முடித்துவிட்டுப் பெண் பெண்வீட்டுக்கே போய்விடுவாள், மாப்பிள்ளை விமானம் ஏறிவிடுவான். விசா வந்த பிறகுதான் முகூர்த்தம், தாலி, விருந்து எல்லாம். இடைப்பட்ட காலத்தில் அந்தப் பெண் அரசாங்கத்துக்கு மனைவி, தெருவுக்குக் கன்னிப்பெண். யாராவது வரன் கேட்டு வந்தால் "பதிவு ஆயிடுச்சு" என்று ஒற்றை வார்த்தையில் திருப்பி அனுப்புவார்கள்.

அப்படிப் பதிவு ஆன பெண்ணாகத்தான் அவள் எனக்கு அறிமுகமானாள். குரும்பகரத்தில் அவர்களுக்கு நிலம் உண்டு. மாப்பிள்ளை காரைக்கால் டவுனில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பத்துப் பையன், பிரான்சில் பட்டாளத்தில் இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருப்பவரை எங்கள் ஊரில் சொல்தா என்போம். சொல்தா மாப்பிள்ளை கிடைப்பதென்றால் லேசில்லை. பதிவு முடிந்து பத்து நாளில் அவர் கிளம்பிவிட்டார். விசாவுக்கான தாள்களைப் பார்க்க அவளும் அவள் அப்பாவும் வாராவாரம் வியாழக்கிழமை என்னிடம் வருவார்கள். அப்பா நாற்காலியில் உட்காருவார், அவள் ஜன்னலோரம் நிற்பாள். ஒரு நாள் என் எந்திரத்தின் சாவிகளைப் பார்த்து, "இந்த எழுத்து மேல கோடு எதுக்குங்க?" என்று கேட்டாள். நான் அரைமணி நேரம் விளக்கினேன். அவள் கேட்டது அரை நிமிடத்துக்கான கேள்விதான்.

ஆசை எப்போது வந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. பதிவு ஆன பெண்ணைப் பற்றி அப்படி நினைப்பது தப்பு என்று தெரியும். தெரிந்தும் வியாழக்கிழமைகளில் நல்ல சட்டையாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு போனேன்.

பிறகு எங்கேயோ பாலைவனத்தில் சண்டை வந்தது. மாப்பிள்ளையின் படைப்பிரிவு போனது. மூன்று மாதம் கடிதம் இல்லை. நாலாம் மாதம் ராணுவ ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து பிரெஞ்சில் தட்டச்சு செய்த கடிதம் வந்தது. அவருக்கு வலது கை விளங்கவில்லை, ஒரு கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. தன்னால் எழுத முடியாததால் ஆஸ்பத்திரியில் இருந்த ஓர் அம்மாளிடம் சொல்லி எழுதச் செய்திருந்தார். அந்தம்மாளுக்குத் தமிழ் எப்படித் தெரியும்? பிரெஞ்சில் எழுதிவிட்டார். அதனால் அது என் மேஜைக்கு வந்தது.

நான் உரக்கப் படித்துத் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். அடிபட்ட விவரம் சொன்னதும், அன்று கூட வந்திருந்த அவள் அம்மா வாயில் முந்தானையை வைத்து அடைத்துக்கொண்டாள். அவர் எழுதச் சொன்னது நீளமாக இருந்தது. "இப்படி ஆகிவிட்ட என்னோடு அவளைக் கட்டிப்போட எனக்கு மனம் இல்லை. பதிவை ரத்துசெய்யச் சம்மதிக்கிறேன். அவள் வேறு கல்யாணம் செய்துகொள்ளட்டும்." இதைச் சொல்லி முடித்ததும் அவள் அப்பா பெரிதாக மூச்சு விட்டார். அந்த மூச்சில் என்ன இருந்தது என்று அறையிலிருந்த எல்லோருக்கும் தெரியும். மகளைக் கால் இல்லாதவனிடம் கடல் தாண்டி அனுப்ப வேண்டியதில்லை. அவரே தெய்வம்போலச் சொல்லிவிட்டார்.

அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அடுத்த வரியைப் பார்த்தேன்.

"ஆனாலும் இதையெல்லாம் கேட்ட பிறகும் அவளுக்கு என்னிடம் வர விருப்பம் இருந்தால், ஒரே ஒரு வார்த்தை எழுதச் சொல்லுங்கள். அந்த வார்த்தைக்காக நான் காத்திருக்கிறேன்."

நான் கடிதத்தை மடித்துவிட்டேன். "அவ்வளவுதாங்க," என்றேன். பிறகு பல வருடம் எனக்கு நானே சப்பைக்கட்டுக் கட்டிக்கொண்டேன். பொய் சொல்லவில்லை, நிறுத்திக்கொண்டேன் என்பேன். அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்துத்தான் நிறுத்தினேன் என்பேன். அதெல்லாம் வெறும் பேச்சு. அவள் போகக்கூடாது என்று நினைத்தேன், அதனால் நிறுத்தினேன்.

"தம்பி, நீங்களே ஒரு நல்ல பதிலா எழுதிடுங்க," என்றார் அவள் அப்பா. எழுதினேன். மாப்பிள்ளை சொன்ன ஏற்பாட்டுக்குப் பெண்ணும் சம்மதிக்கிறாள் என்று மரியாதையான பிரெஞ்சில் எழுதினேன். கையெழுத்துப் போடும்போது அவள் கேட்டாள். "அவரு நல்லா இருக்கணும்னு ஒரு வரி போட்டீங்களா?" நான் போட்டிருக்கவில்லை. போட்டேன் என்று சொல்லிவிட்டு, அவர்கள் படியிறங்கிய பிறகு பேனாவால் ஓரத்தில் எழுதிச் சேர்த்தேன். அந்தக் கடிதத்திலேயே உண்மையான வரி அது ஒன்றுதான்.

அடுத்த இரண்டாவது மாதம் இந்தப் படம் ஊருக்கு வந்தது. பிரெஞ்சுக் குடும்பங்களின் சங்க மண்டபத்தில் சனிக்கிழமை சாயங்காலம் புதுச்சேரியிலிருந்து சுருள் வரவழைத்துப் படம் போடுவார்கள். வெள்ளை வேட்டியை இழுத்துக் கட்டித் திரை. கீழே எழுத்தெல்லாம் ஓடாது. பார்க்க வருபவர்களில் முக்கால்வாசிப் பேருக்குப் பிரெஞ்சு தெரியாது. அதனால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் நடுவில் தெரிந்த ஒருத்தர் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே இருப்பார். மண்டபம் முழுக்க ஒரே முணுமுணுப்பு. ஒரு வரிசையில் கதாநாயகி "போய் வாருங்கள் அத்தான்" என்பாள், அடுத்த வரிசையில் அதே வாய் "சனியனே, எக்கேடு கெட்டுப் போ" என்னும். முன்வரிசையில் ஒரு ஓய்வுபெற்ற சொல்தா, சண்டைக் காட்சி வந்தால் தன் சொந்தக் கதையைச் சேர்த்துவிடுவார். எல்லோரும் ஒரே படத்தைப் பார்த்துவிட்டு ஆளுக்கு ஒரு கதையோடு வீட்டுக்குப் போவோம். அதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை.

அவளை அவள் அண்ணி அழைத்து வந்திருந்தாள், மனசு மாறட்டும் என்று. என்னைப் பார்த்ததும் அண்ணி, "நீங்க சொல்லுங்க தம்பி, எங்களுக்கு ஒண்ணும் புரியாது," என்றாள். நான் பின்வரிசையில் உட்கார்ந்து முன்னால் குனிந்து சொன்னேன். படம் என்ன கதை என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் காய்ச்சல் என்று சொல்லிக் கம்பி நீட்டியிருப்பேன். கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் செய்துவிட்டு அந்தச் சிப்பாய் கிளம்பியபோதே வாசல் எந்தப் பக்கம் என்று பார்த்தேன். அவள் முதுகு விறைத்து உட்கார்ந்திருந்தாள். ஆனாலும் கடைசிக் காட்சிவரை நேர்மையாகவே சொன்னேன். ஒரு வார்த்தை மாற்றவில்லை.

கடைசியில் அவன் ஜன்னலுக்கு வெளியே எக்கிக் கத்தினான். "காத்திரு. நான் வருவேன். எனக்காகக் காத்திரு."

அண்ணி திரும்பி, "என்ன சொல்றான்?" என்றாள்.

இந்த வார்த்தையைக் கேட்டால் அவள் வீட்டுக்குப் போய்ப் படுக்கமாட்டாள், அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு வேறு யாரிடமாவது போவாள் என்று எனக்குத் தோன்றியது. தோன்றிய அதே மூச்சில் சொன்னேன். "என்ன மறந்துடு. எனக்காகக் காத்திருக்காத. நீ நல்லா இருந்தாப் போதும்னு சொல்றான்."

அவள் அழுதாள். கடிதம் வந்த நாளில்கூட அழாதவள், வேட்டித் திரைக்கு முன்னால் குலுங்கிக் குலுங்கி அழுதாள். வெளியே வந்து செருப்பு மாட்டும்போது என்னைப் பார்த்து, "அவரும் அதைத்தானே சொன்னாரு, இல்லைங்களா?" என்றாள். நான் தலையாட்டினேன். ஒன்றரை வருடம் கழித்துத் தாலி கட்டினேன். தாள்களெல்லாம் முறையாக ரத்தாகியிருந்தன, நானேதான் பார்த்து முடித்துக் கொடுத்தேன்.

நல்ல குடித்தனம்தான். ஒரே மகள். மனைவியின் கைப்பக்குவத்தில் என் உடம்பு தேறியது. அதே வக்கீல் ஆபீஸில் பெரிய குமாஸ்தா ஆகி ஓய்வும் பெற்றேன். ஆனால் அந்தப் படம் எங்களை விடவில்லை. முதலில் யாரோ கேசட்டில் கொண்டுவந்து கொடுத்தார்கள். பிறகு பிரெஞ்சு சேனலில் வருடத்துக்கு ஒரு தடவையாவது போட்டார்கள். ஒவ்வொரு தடவையும் நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டும். கடைசிக் காட்சியில் அவன் கத்துவான், அவள் என் முகத்தைப் பார்ப்பாள், நான் "என்ன மறந்துடு" என்பேன். வார்த்தை பிசகாமல் ஒவ்வொரு தடவையும் அதே வார்த்தைகள். எனக்கு வியர்க்கும். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எவ்வளவு பெரிய மனசு அவனுக்கு" என்பாள். அவனுக்கு என்றுதான் சொல்வாள். எந்த அவன் என்று நான் கேட்டதில்லை.

படத்தில் கடிதம் ஏன் வரவில்லை என்று பார்ப்பவர்கள் யாரும் கேட்பதில்லை. போர்க்காலம், தபால் தொலைந்திருக்கும் என்று விட்டுவிடுகிறார்கள். எனக்கு மட்டும் அந்த மருந்துக்கடைக்காரன்மேல் சந்தேகம். தபால்காரனோடு சிரித்துப் பேசுகிறான். அவன் கடையில் அத்தனை இழுப்பறைகள். குடையை ஏன் கக்கத்தில் அப்படி இடுக்கிக்கொள்கிறான்? இயக்குநர் அப்படி நினைத்து எடுத்திருக்கமாட்டார். திருடனுக்குத்தான் இன்னொரு திருடனைக் கண்டுபிடிக்கத் தெரியும்.

அந்தச் சொல்தாவை ஒரே ஒரு தடவை பார்த்தேன். தன் அம்மா இறந்ததற்கு வந்திருந்தார். பதிவு அலுவலகத்தில் தாள் வாங்க நின்றுகொண்டிருந்தேன், காரிலிருந்து இறங்கி வந்தார். பொய்க்கால் வைத்த நடை. கூட அவர் மனைவி, வெளிநாட்டிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், வளர்ந்த இரண்டு பிள்ளைகள். அலுவலர் என் பெயரைக் கூப்பிட்டதும் என்னை யாரென்று தெரிந்துகொண்டார். "நல்லா இருக்காங்களா?" என்றார். "இருக்காங்க," என்றேன். இடது கையை நீட்டினார், குலுக்கினேன். வேறொன்றும் கேட்கவில்லை. அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போக எனக்குக் கால் வரவில்லை. கடற்கரைச் சாலையில் இருட்டும்வரை உட்கார்ந்திருந்தேன். அவரைப் பார்த்ததை அவளிடம் சொல்லவில்லை.

போன மழைக்காலத்தில் மகள் பெங்களூரிலிருந்து வந்திருந்தாள். புது டிவி ஒன்று வாங்கிச் சுவரில் மாட்டினாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வெளியே விடாத மழை. "அம்மா, உன் படம் கிடைச்சிருச்சு. கீழ தமிழ்ல எழுத்து வருது பாரு. அப்பாவுக்கு இனிமே வேலையே இல்ல," என்று சிரித்தாள்.

மழையில் கரண்ட் போய்விடும், பாதியில் நின்றால் எரிச்சலாக இருக்கும் என்றேன். எழுத்து கண்ணை உறுத்துகிறது, எடுத்துவிடலாமே என்றேன். ரிமோட்டை வாங்கி எதை எதையோ அழுத்தினேன், சத்தம்தான் கூடியது. மகள் பிடுங்கிக்கொண்டாள். "சும்மா உக்காருங்கப்பா. முப்பது வருசமா டப்பிங் குடுத்தது போதும்."

இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மனைவி எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள் இல்லை, வேகமாகப் படிப்பாள். மற்ற வசனமெல்லாம் நான் சொன்னபடியே வந்தது. இடையிடையே என்னைத் திரும்பிப் பார்த்து, "சரியாத்தான் சொல்லியிருக்கீங்க," என்று பெருமையாகச் சிரித்தாள். அதுதான் என்னைக் கொன்றது. ரயில் கிளம்பியது. அவன் எக்கினான். கீழே எழுத்து வந்தது. காத்திரு. நான் வருவேன். எனக்காகக் காத்திரு.

அவள் அழவில்லை. "கொஞ்சம் பின்னால கொண்டு போம்மா," என்றாள் மகளிடம். இரண்டு தடவை போடச் சொல்லிப் பார்த்தாள். பிறகு எழுந்து, கொல்லைப்புறத் தாழ்வாரத்தில் காயப்போட்டிருந்த துணிகளை எடுத்து மடிக்கப் போய்விட்டாள். "என்னம்மா, இன்னைக்கு அழுகையைக் காணோம்?" என்று மகள் பின்னாலிருந்து கேட்டாள்.

மறுநாள் மகள் ஊருக்குக் கிளம்பினாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர். கோட்டுச்சேரிமேட்டிலிருந்து வரும் மீன்காரம்மாவிடம் அவள் சாதாரணமாகப் பேரம் பேசினாள், மீன் கழுவினாள், குழம்பு வைத்தாள், எனக்குப் போட்டாள். என்னிடம் மட்டும் பேச்சில்லை. சண்டை போட்டிருந்தால் நான் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பேன். படத்து வசனம்தானே, வாய்தவறிவிட்டது என்று சொல்லத் தயாராக வைத்திருந்தேன். அவள் கேட்கவே இல்லை.

அதற்கு அடுத்த நாள் காலையில் காபி குடித்த மேஜையில் அந்தக் கடிதத்தைக் கொண்டுவந்து வைத்தாள். பீரோவில் பட்டுப் புடவைகளுக்கு அடியில் பாலித்தீன் உறையில் அது இருப்பது எனக்குத் தெரியும். அவள் கோயிலுக்குப் போன நேரங்களில் இரண்டு மூன்று தடவை அதைக் கையில் எடுத்திருக்கிறேன். கிழித்துவிட வேண்டும் என்றுதான் எடுத்தேன், தைரியம் வரவில்லை.

"படிங்க," என்றாள்.

மூக்குக் கண்ணாடியைத் தேடினேன். அது என் மூக்கில்தான் இருந்தது. படிக்க ஆரம்பித்தேன். அடிபட்ட விவரம். கட்டிப்போட மனம் இல்லை என்ற வரி. வேறு கல்யாணம் செய்துகொள்ளட்டும் என்ற வரி. அங்கே என் குரல் தானாக நின்றது. இப்போதும் மடித்துவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன், அந்தக் கேவலத்தையும் எழுதிவைக்க வேண்டியிருக்கிறது. அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் மிச்சத்தைப் படித்தேன். "அந்த வார்த்தைக்காக நான் காத்திருக்கிறேன்."

"நேத்தே போன்ல படம் புடிச்சு, தமிழ்ல மாத்திப் படிச்சுட்டேன்," என்றாள். "பொண்ணு சொல்லிக் குடுத்துட்டுப் போனா. தமிழ் ஒரு மாதிரி கோணலாத்தான் வருது, ஆனா புரியுது. உங்க வாயால வருதான்னு பாத்தேன்."

கடிதத்தை மேஜையில் வைத்தேன். அவளே தொடர்ந்தாள்.

"ஏங்க அன்னைக்கு நிறுத்துனீங்க?"

"உன்ன விட மனசு வரல."

"அதை அன்னைக்கே என்கிட்ட சொல்லியிருக்கலாமே. அவரு சொன்னதையும் சொல்லி, உங்க மனசையும் சொல்லியிருந்தா, நான் பாத்து ஒண்ணை எடுத்திருப்பேன். உங்களையே எடுத்திருப்பேனோ என்னவோ. இப்ப அது எனக்கே தெரியாது. அதைத் தெரிஞ்சுக்க வழி இல்லாம பண்ணிட்டீங்க."

திட்டவில்லை. குரல்கூட உயரவில்லை. நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். அந்தச் சொல்தாவின் தங்கை டவுனில்தான் இருக்கிறாள். முந்தின நாளே அவளுக்குப் போன் செய்து விலாசம் வாங்கிவைத்திருந்தாள்.

"பதில் எழுதணும்," என்றாள்.

"இவ்வளவு வருசம் கழிச்சா? அவருக்குப் பேரன் பேத்தி எடுத்தாச்சு. தமிழ்லயே எழுதேன், அவரு படிப்பாரு."

"அவரு பிரெஞ்சுல கேட்டாரு. பதில் பிரெஞ்சுல போகட்டும். அந்த ஒரு வார்த்தையை நான் எழுதாததால அவரு என்ன நெனச்சிருப்பாரு? காலு போனதும் வேணாம்னு சொல்லிட்டாளேன்னுதானே நெனச்சிருப்பாரு? சாகறவரைக்கும் அப்படியே நெனச்சுக்கிட்டு இருக்கணுமா?"

அவள் சொல்லச் சொல்ல நான் எழுத வேண்டும் என்பது ஏற்பாடு. தாளை நேராக வைத்துக்கொண்டேன்.

"உங்க கடுதாசி வந்துச்சு. அதுல கடைசி வரியை எனக்கு யாரும் படிச்சுக் காட்டல."

எழுதினேன். "யாருன்னு எழுதணுமா?" என்று கேட்டேன்.

"வேணாம். அவருக்குத் தெரிஞ்சுடும்."

அடுத்ததைச் சொல்வதற்கு முன்னால் கொஞ்சநேரம் மேஜைத் துணியை நீவிக்கொண்டிருந்தாள். மழை விட்டிருந்தது. தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்து ஸ்டார்ட் செய்துகொண்டிருந்தார்கள்.

"படிச்சிருந்தா நான் வந்திருப்பேன்."

நான் பேனாவை எடுத்துவிட்டேன். "இப்பத்தான தெரியாதுன்ன. நெசமாவே வந்திருப்பியா?"

"நீங்க எழுதுங்க."

"இல்ல, இது..."

"எழுதத்தானே சொன்னேன்," என்றாள். "உங்ககிட்ட வேறெதுவும் கேக்கலயே."

எழுதினேன். பிரெஞ்சில் அது சின்ன வாக்கியம்தான். அதைவிடப் பெரிய மனுக்களை ஆயிரக்கணக்கில் எழுதியிருக்கிறேன். அதை எழுதி முடிக்க எனக்கு வெகுநேரம் பிடித்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன், மறுபடி மாட்டினேன். அந்த ஒரு வரியில் என் வீடு, இத்தனை வருடக் குடித்தனம், மகள் எல்லாம் ஒரு தட்டில் போய் உட்கார்ந்தன. மெல்ல ஒரு சொல்லை மாற்றிவிட்டால் போதும், வந்திருப்பேனோ என்னவோ என்று ஆகிவிடும். அவளுக்கு எப்படித் தெரியப்போகிறது? அந்த நினைப்பு வந்ததே, அதுதான் நான். மாற்றவில்லை. அவள் சொன்னபடியே எழுதினேன்.

"இப்ப எனக்கு ஒரு குறையும் இல்ல. ஒரு பொண்ணு, நல்லா இருக்கா. நீங்களும் குடும்பமும் நல்லா இருக்கணும்." அவ்வளவுதான் அவள் சொன்னது. தாளைத் திருப்பி அவள் பக்கம் வைத்தேன். கையெழுத்துப் போடப் பேனாவை நீட்டினேன்.

அவள் பேனாவை வாங்கவில்லை. கைபேசியை எடுத்து, இரண்டு கையாலும் தாளுக்கு நேர் மேலே பிடித்துப் படம் எடுத்தாள். திரையில் தமிழ் வந்தது. உதடு அசைய ஒவ்வொரு வரியாகப் படித்தாள், விரலால் தாளில் இருந்த வரியையும் கூடவே தொட்டுக்கொண்டு வந்தாள். நான் எதிரே உட்கார்ந்திருந்தேன். ஊரெல்லாம் என் எழுத்தை நம்பிக் கடல் தாண்டியது. இவள் அதை ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை.

"சரியாத்தான் எழுதியிருக்கீங்க," என்றாள்.

பிறகு அந்தச் சின்ன வாக்கியத்தை மட்டும் இன்னொரு தடவை கிட்டத்தில் பிடித்துப் படம் எடுத்துப் பார்த்தாள்.